நாற்பத்து மூன்றாம் இடத்தில் இருந்த ஆரஞ்சுக் கூடாரம்

"மணி என்ன தெரியுமா? பதினொன்றரை. பன்னண்டுக்கு கேம்ப் ஆபீஸை மூடிருவாங்க மரிட்!"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுதான் உக்காந்திருக்கியா? ஒரு கூடார முளையைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரமா?"

"கொஞ்ச நேரம் விடுப்பா. இன்னைக்கு ஒரு நாள் இங்கயே இருந்துட்டுப் போலாமே."

"இருந்து என்ன பண்ணப் போற? அதே முளையைப் பாத்துக்கிட்டு உக்காரப் போற."

"ஆமா. அதான் பண்ணப் போறேன். கூடாதா?"

"அடுத்த கேம்ப்ல சொல்லி வச்சாச்சும்மா. நாலு மணிக்கு வரோம்னு."

"நீ அஞ்சு மணிக்குப் போனா ஃப்ரான்ஸ் மூழ்கிடுமா?"

"வாய்க்கு மட்டும் ஒண்ணும் கொறச்சல் இல்ல. இதோ பாரு, பத்து நிமிஷம். அதுக்குள்ள கார்ல இல்லேன்னா நான் கெளம்பிருவேன். அப்புறம் உன் இஷ்டம்."

"கெளம்பு. எப்பவும் அதானே பண்ணுவ."

இந்தச் சண்டையைப் பக்கத்து கேரவனில் இருந்த லேன்டர்ட்டும் அவர் மனைவி கோஷ்யாவும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் நம் நாட்டுக்காரர்கள்தான், மொழி புரியும். ஆனால் கேட்டது போலக் காட்டிக்கொள்ளவில்லை. லேன்டர்ட் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கேம்புக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த மரியாதை இது. கூடாரத் துணிக்குப் பின்னால் பேசுவது காதில் விழும், ஆனால் விழவில்லை.

என் பெயர் ரூலோஃப். வயது ஐம்பத்தெட்டு. கேம்ப்காரர்களுக்கான இந்த இணையதளத்தில் பல வருடமாக எழுதுகிறேன். கேஸ் குழாய் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், எந்த முளை பாறை நிலத்தில் வளையாது, இந்த மாதிரி விஷயங்கள். சிலருக்கு என்னை ஞாபகம் இருக்கலாம். இப்போது எழுதுவது வேறு. எனக்கு நன்றாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரிட் என் ஒரே மகள். இருபத்தேழு வயது. தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். போன குளிர்காலத்தில் வேலைக்குப் போவதை நிறுத்தினாள், பிறகு சாப்பிடுவதை, பிறகு எழுந்திருப்பதையே. உயிரோடு இருக்க வேண்டாம் என்று ஒரு நாள் அவள் அம்மாவிடம் சொன்னாள். பத்து வாரம் மருத்துவமனையில் இருந்தாள். ஏப்ரலில் வீட்டுக்கு வந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை, மதியம் பன்னிரண்டுக்கு ஒன்று, படுக்கும்போது ஒன்று. திடீரென்று நிறுத்தவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

பயணம் என் யோசனை. காற்று, நடை, வேளைக்குச் சாப்பாடு. சின்ன வயதில் அவளுக்கு இதெல்லாம் எவ்வளவு பிடிக்கும். என் மனைவி அலைடா முதியோர் இல்லத்தில் நர்ஸ், கோடையில் லீவு கிடைக்காது. அவளுக்கு இந்த யோசனை பிடிக்கவும் இல்லை. "அவளை அவ போக்குல விடு ரூலோஃப். உன் அட்டவணைய வீட்டுலயே வச்சுட்டுப் போ," என்றாள். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் மூன்று வாரத்துக்கு எண்ணிப் போட்டுக் கொடுத்தாள். நான் அதைக் குளிர்ப்பெட்டியில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

அட்டவணையை வீட்டில் வைக்கவில்லை.

முதல் நாள் ராத்திரி லக்ஸம்பர்க். பிறகு ஃப்ரான்ஸில் வோஜ் மலையில் மூன்று நாள். நான் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், விரித்தால் கூடாரமாகிற மடிப்பு வண்டியில் படுப்பேன். அவள் பக்கத்தில் தன் சின்ன ஆரஞ்சுக் கூடாரத்தில். பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. வேறு வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை. காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி சாக்லேட் தூள் தூவிக்கொள்வாள், பாதி சாப்பிட்டு வைத்துவிடுவாள். ஊரிலிருந்து கொண்டுபோன உருளைக்கிழங்கைச் சாயங்காலம் நான் தோலுரிப்பேன், அவள் டப்பில் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போவாள். போனால் வர வெகுநேரம் ஆகும். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு நின்றாளாம். சொன்னாள். நான் சிரித்தேன்.

வோஜில் ஒரு விஷயம் நடந்தது. வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்தும்போது எனக்குத் திருப்பம் தப்பிவிட்டது. உங்களுக்குத் தெரியும், யாராவது ரிவர்ஸ் எடுத்தால் கேம்பில் உள்ள அத்தனை ஆண்களும் அரைக்கால் சட்டையோடு எழுந்து வந்துவிடுவார்கள்.

"இடது, இடது! உங்க இடதுங்க, என் இடது இல்ல!"

"அவரு சொல்றதைக் கேக்காதீங்க, அவரே நேத்து தண்ணிக் குழாயை இடிச்சாரு!"

"நேரா! நேரா! ஐயோ!"

முள்செடி வேலிக்குள் ஏற்றிவிட்டேன். இறங்கிப் பார்த்தால் மரிட் புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "ஏழு பேரு வழி சொல்லி ஒருத்தரு முள்ளுல போயிருக்காருப்பா!" குளிர்காலத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. அன்று அலைடாவுக்குப் போன் போட்டு, "சரியாயிட்டா. நான்தான் சொன்னேனே," என்றேன்.

இப்போது என்னால் மறக்க முடியாத வார்த்தைகளில் அதுவும் ஒன்று. ஒரு தடவை சிரித்ததை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவளைச் சரியான ஆளாக நினைத்து விரட்ட ஆரம்பித்தேன். எழுந்திரு, நட, சாப்பிடு, கிளம்பு.

பிறகு டூ என்ற நதியின் கரைக்கு வந்தோம். இடம் எண் நாற்பத்து மூன்று. ஆற்றைப் பார்த்த இடம். மூன்றாம் நாள் காலை, மேலே எழுதினேனே, அந்தச் சண்டை.

அந்தக் "கெளம்பிருவேன்" என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. மரிட்டுக்கு ஐந்தாறு வயதாக இருக்கும்போது, கிளம்புகிற நாளில் கேம்பின் நீச்சல் குளத்தை விட்டு வெளியே வரமாட்டாள். கத்தி அலுத்துப்போய் ஒரு வருடம் நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உண்மையில் போகவில்லை. வாசலைத் தாண்டி முதல் வளைவு வரைக்கும்தான். அங்கே எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரத் தலையோடு, அழுதுகொண்டே ஓடி வந்தாள். பிறகு ஒவ்வொரு வருடமும் அதுவே வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் பெரியவளான பிறகு சிரித்துக்கொண்டே ஓடி வருவாள். நான் அதை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அலைடா மட்டும் காரில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "நாயைக்கூட இப்படிப் பழக்க மாட்டாங்க," என்று ஒரு தடவை சொன்னாள்.

பதினொன்று ஐம்பதுக்குக் காரை எடுத்தேன். அவள் கூடாரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். தலையைத் தூக்கவில்லை.

இங்கேயும் வாசலிலிருந்து இருநூறு மீட்டரில் ஒரு வளைவு. மக்காச்சோளம் ஆள் உயரம் நிற்கிறது, காரை நிறுத்தினால் வாசலிலிருந்து தெரியாது. நிறுத்தினேன். பின்பக்கத்தைத் திறந்து அடுப்பை எடுத்துக் காபி போட்டு, கப்பைக் காணாமல் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக்கொண்டேன். பதினொரு மணிக் காபி அன்று தவறிப்போயிருந்தது. அதற்கும் அவள்மேல் கோபம்.

பன்னிரண்டுக்குக் காருக்குள் ஏதோ கூவியது. பார்த்தால் அவள் போன். இரவே காரில் இருந்த என் சார்ஜரில் போட்டிருந்தாள், நான் கவனிக்கவில்லை. திரையில் "மாத்திரை" என்று எழுதியிருந்தது.

அணைத்தேன்.

அந்த நேரம் நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். 'இதுக்காகவாவது ஓடி வருவா' என்று நினைத்தேன். மாத்திரை என்னிடம், போன் என்னிடம், கார் என்னிடம். வராமல் எங்கே போவாள். இப்படித்தான் நினைத்தேன். காபியைக் குடித்து முடித்தேன்.

பன்னிரண்டரை. ஒரு மணி. சைக்கிளில் இரண்டு பேர் போனார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணாடியைப் பார்த்தேன். திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்று பத்துத் தடவையாவது தோன்றியிருக்கும். போனால் தோற்ற மாதிரி இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். சொந்தப் பெண்ணிடம் தோற்கக் கூடாது என்று ஒன்றரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

நடந்து போனபோது நாற்பத்து மூன்றில் ஒன்றும் இல்லை. புல்லில் மஞ்சளாக ஒரு சதுரம், அவ்வளவுதான். ஒரு முளைகூட விட்டுவைக்கவில்லை. நான் மறந்துவிட்டுப் போன பாத்திர டப்பைக் கழுவி, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். அடியில் என் கப்பு, துடைத்து வைத்தது.

லேன்டர்ட் செய்தித்தாளை மடித்தார். கோஷ்யாதான் எழுந்து வந்தார்.

"உங்க பொண்ணு போயிருச்சுங்க."

"எப்போ? எந்தப் பக்கம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். நான் மனசு கேக்காமப் போய், 'அப்பா உன்ன விட்டுட்டுப் போயிட்டாரேம்மா'ன்னு கேட்டேன். 'இல்ல ஆன்ட்டி, வளைவுல நிப்பாரு. எப்பவும் அங்கதான் நிப்பாரு'ன்னுச்சு. நல்லாத்தான் சொல்லுச்சு, அழல. மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு கேட்டுப் பக்கம் போச்சு. கேட்டுக் கம்பத்துக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் திரும்பி வந்து ஆத்தோரப் பாதையில எறங்கிப் போயிருச்சு."

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க? இருநூறு மீட்டர்தானே!"

அவர் கண் கலங்கிவிட்டது. "உங்க குடும்ப விஷயம்னு நெனச்சோம்ங்க. காதுல விழுந்ததையெல்லாம் வச்சுக்கிட்டு எப்படி வந்து சொல்றது?"

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று அவள் நினைத்திருந்தால்கூட நான் எப்படியாவது ஆறுதல் அடைவேன். தப்பாகப் புரிந்துகொண்டாள், கிடைத்ததும் விளக்கிவிடலாம். ஆனால் அவளுக்குத் தெரியும். சோளத்துக்குப் பின்னால் நான் காத்திருப்பது தெரிந்துதான் வேறு பக்கம் போயிருக்கிறாள்.

ஆற்றோரமாக இருட்டும் வரைக்கும் நடந்தேன். பிறகு அலைடாவைப் போனில் கூப்பிட்டேன்.

"மரிட் கிட்ட குடு."

"இங்க இல்ல."

"எங்க போயிருக்கா?"

"தெரியல. காலையில கெளம்ப லேட் பண்ணா. நான் காரை எடுத்துட்டு..."

அலைடா முடிக்க விடவில்லை.

"வளைவா?" என்றாள். "ரூலோஃப், அவளுக்கு இருபத்தேழு வயசு. வளைவுல போய் நின்னியா?"

"ஆமா," என்றேன். "மாத்திரை?" என்றாள். "குளிர்ப்பெட்டியில," என்றேன். போனை வைத்துவிட்டாள். மறுநாள் ரயிலில் வந்து சேர்ந்தாள். இப்போது இங்கேதான் இருக்கிறாள், மடிப்பு வண்டியில். என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். அது நியாயம்தான்.

இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. போலீஸில் எல்லாம் எழுதிக்கொண்டார்கள், படம் வாங்கிக்கொண்டார்கள், தேடுகிறார்கள். வயது வந்தவள், தானாகப் போயிருக்கிறாள் என்பதையும் சொன்னார்கள். இரண்டாம் நாள் காலையில் ஆற்றின் கீழே மூன்றாவது ஊரில் ஒரு ரொட்டிக் கடைக்காரம்மா அவளைப் பார்த்திருக்கிறார். ஒரு ரொட்டி வாங்கினாளாம், நன்றி சொன்னாளாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆற்றோரம் முழுக்க கேம்புகள். நாங்கள் போய் விசாரித்த இடங்களை வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டு அடித்து வருகிறேன். முப்பத்தொன்று ஆகிவிட்டது.

நாற்பத்து மூன்றில் இப்போது வேறு குடும்பம். குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். புல் மறுபடி பச்சையாகிவிட்டது. நாங்கள் ஐம்பத்தொன்றில் இருக்கிறோம். பன்னிரண்டுக்கு அவள் போன் தினமும் கூவுகிறது. அதை நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை. அலைடா எழுந்து வெளியே போய்விடுவாள்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். கூடாரம் ஆரஞ்சு நிறம், வெயிலில் வெளுத்தது. இடது பக்கம் கீழே சாம்பல் நிற ஒட்டு, நீல நூலில் தைத்தது. மரிட் உயரம், ஒல்லி, முடியைக் குட்டையாக வெட்டியிருப்பாள், வலது முழங்காலில் பழைய தழும்பு. மெதுவாகப் பேசுவாள். வெந்நீர்க் குழாயடியில் ரொம்ப நேரம் நிற்கிற பெண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நம் வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். பக்கத்துத் துணிக்குப் பின்னால் அழுகை கேட்டால், அல்லது நாள் முழுக்க ஒன்றுமே கேட்காமல் இருந்தால், போய்க் கூப்பிடுங்கள். ஒரு காபி கொடுங்கள். தனியாக விடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். அப்பா தேடுகிறார் என்று சொல்ல வேண்டாம். அவள் என்னிடம் வர வேண்டும் என்றுகூட இப்போது கேட்கவில்லை. இருக்கிறாள் என்று இங்கே ஒரு வரி எழுதுங்கள், போதும்.

பார்க்கவில்லை என்றாலும் எழுதுங்கள். எந்த ஆற்றோரம், எந்த கேம்ப், எந்தத் தேதி என்று போட்டு, 'இங்கே இல்லை' என்று எழுதுங்கள். நான் அந்த இடத்தை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். தயவுசெய்து யாரும் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் போகாதீர்கள்.