பழைய பெட்டியின் கேபிள்

வெள்ளிமலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெயசுதாவும் அவள் கணவன் இளஞ்செழியனும் ஸ்டூடியோ வைத்து ஆறு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் நைனார்பாளையம். பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்து, கல்யாண ஆல்பம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். போன வருஷம் ரிப்பேருக்கு வந்த ஒருவன் அதிலிருந்த நல்ல மெமரியைக் கழற்றிக்கொண்டு பழையதைச் செருகிவிட்டுப் போய்விட்டான். அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து ஜெயசுதா ஸ்க்ரூடிரைவர் பிடித்த யாரையும் நம்புவதில்லை.

கண்ணாடி பதித்த சிபியு பெட்டிக்குள் கலர் கலராக லைட் எரிந்தால் கடைக்கு ஒரு களை வரும் என்று இளஞ்செழியன் லைட் பட்டைகளை வரவழைத்திருந்தான். அதை மாட்ட கள்ளக்குறிச்சி சர்வீஸ் கடையிலிருந்து மலர்விழி காலை பஸ்ஸில் வந்தாள். அவள் பெட்டியைத் திறந்ததும் ஜெயசுதா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். மலர்விழி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"இது அஞ்சு வோல்ட் லைட்டு அக்கா. பவர் சப்ளைலேர்ந்து தனியா ஒரு பின் வேணும். இதுல காலியா இல்ல" என்றாள்.

இளஞ்செழியன் பீரோவிலிருந்து ஒரு கேபிளை எடுத்து வந்தான். பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையோடு வந்தது. நாலு பின் இருந்தது. முனையைப் பவர் சப்ளையில் செருகிப் பார்த்தான், கச்சிதமாக உட்கார்ந்தது.

மலர்விழி உடனே அதைப் பிடுங்கினாள். "வேணாண்ணா. லைட்டு, ஹார்ட் டிஸ்க்குல மாட்டற பக்கம் எல்லா கேபிளுக்கும் ஒரே மாதிரிதான். பவர் சப்ளை பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி ஒயர் வரிசை மாறும். அஞ்சு வோல்ட் வர்ற எடத்துல பன்னெண்டு வந்துடும்."

"போடக்கூடாதுன்னா எதுக்குப் பொருந்தற மாதிரி செஞ்சி வெச்சிக்கிறான்?" என்று ஜெயசுதா கேட்டாள்.

"அது எனக்கும் புரியலக்கா. இதே கம்பெனி கேபிள் வரவெச்சி பஸ்ல குடுத்து அனுப்பறேன்."

பஸ் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். லைட் எரியவில்லை. கேபிள் விற்கத்தான் இந்தப் பேச்செல்லாம் என்று ஜெயசுதாவுக்குத் தோன்றியது. சாயங்காலம் வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில் மலர்விழியின் கை பெட்டியின் பின்னால் போய் நெடுநேரம் திரும்பவில்லை. அங்கே அவள் முதுகுதான் தெரிந்தது.

மறுநாள் இளஞ்செழியன் மஞ்சள் நீராட்டு விழா ஒன்றுக்குக் கேமராவோடு போயிருந்தான். ஜெயசுதா தானே பெட்டியைத் திறந்தாள். மெமரியும் ஃபேனும் இருந்த இடத்திலேயே இருந்தன. எதுவும் திருடு போகவில்லை என்பது அவளுக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போன கேபிளை உருவிவிட்டுப் பழைய கேபிளைச் செருகினாள். ஒரு பின்னை ஹார்ட் டிஸ்க்குக்கும் இன்னொன்றை லைட்டுக்கும் கொடுத்தாள். சுவிட்சைப் போட்டதும் லைட் ஒருமுறை வெள்ளையாக மின்னி அணைந்தது. பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை வந்தது.

பதறிப்போய் எல்லாவற்றையும் பழையபடி மாட்டினாள். கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை.

அந்த டிஸ்க்கில் கூலி வேலை செய்யும் அம்மாசியின் மகள் கல்யாணப் படங்கள் இருந்தன. கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. வேறெங்கும் ஒரு படம்கூட இல்லை.

இளஞ்செழியன் வந்ததும், "அந்தப் பொண்ணு இன்னாவோ பண்ணிட்டுப் போயிருக்கா" என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நிஜம் போலிருந்தது. கேபிளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் ஜெயசுதா பஸ்ஸில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதை வளைவுகளில் ஆடியபடி கள்ளக்குறிச்சி சர்வீஸ் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

"நீ கை வெச்சிட்டுப் போனதுலேர்ந்து ஆன் ஆவல" என்று மேசை மேல் பெட்டியை வைத்தாள்.

மலர்விழி கரண்டு அளக்கும் மீட்டரை எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் ஓடியது. டிஸ்க்கின் அடியிலிருந்த சர்க்யூட் பலகையை முகர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இதுல அரிசி நொய்யாட்டம் ஒரு பார்ட்டு காவலுக்கு வெச்சிருப்பான். கரண்டு ஜாஸ்தியா ஏறினா அது தான் செத்து டிஸ்க்கக் காப்பாத்தும். இது செத்துருக்குது. அத எடுத்துட்டா டிஸ்க்கு ஓடலாம். ஆனா இதுக்கு மேல காவல் கெடையாது. இந்த பவர் சப்ளைலயே கோளாறு இருந்து நான் ஓட்டினேன்னு வெச்சிக்கோங்க, படம் மொத்தமும் போயிடும். எதனால ஏறிச்சின்னு தெரியணும்."

ஜெயசுதா கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தாள்.

"நீ பின்னால கைய வுட்டுக்கினு இன்னா பண்ண அன்னிக்கி?"

"ஃபேன் ஒயருக்கு டேக் போட்டேன். இப்பவும் அங்கதான் இருக்குது, பாருங்க."

இருந்தது. இரண்டு ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய சின்னக் கறுப்பு டேக். இன்னொரு பொய் சொன்னால் அம்மாசி வீட்டுப் படங்கள் போய்விடும்.

"பழைய கேபிள நான்தாம்மா போட்டேன்" என்றாள். "நீ விக்கறதுக்காக சொல்றன்னு நெனச்சேன்."

மலர்விழியின் முகம் சிவந்தது. "இத வந்த ஒடனே சொல்லிருக்கலாம்ல" என்றாள். அந்த நொய்யளவு பார்ட்டை எடுத்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சோதித்த கரண்டில் டிஸ்க்கை மாட்டினாள். மெல்லிய சத்தத்தோடு அது சுழல ஆரம்பித்தது. திரையில் மாலையும் கழுத்துமாக அம்மாசியின் மகள் வந்தாள். ஜெயசுதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படங்கள் புது டிஸ்க்குக்கு ஏறி முடிய மத்தியானம் ஆயிற்று. அதற்குள் மலர்விழி மேசை அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மேலே 'ஜெயசுதா ஸ்டூடியோ, வெள்ளிமலை' என்று பேனாவால் எழுதியிருந்தது. அன்றைய பஸ்ஸில் அனுப்ப வைத்திருந்த கேபிள். அதை மாட்டி, முனையில் மீட்டரை வைத்து அஞ்சு வோல்ட் வருவதைக் காட்டினாள். பிறகுதான் கருகியதற்குப் பதிலாகக் கடையிலிருந்த புது லைட்டைச் செருகினாள். பச்சையும் நீலமுமாக எரிந்தது.

பெட்டியை மூடி, மூடியின் விளிம்பில் ஒரு தாளை ஒட்டித் தேதியோடு கையெழுத்துப் போட்டாள். பேனாவை ஜெயசுதாவிடம் நீட்டினாள்.

"நீங்களும் போடுங்க."

"இன்னாத்துக்கு?"

"இனிமே யாரு தொறந்தாங்கன்னு தெரியணும்லக்கா."

அது குத்தியது. ஆனாலும் போட்டாள்.

பஸ் மலையேறி வெள்ளிமலையில் அவள் இறங்கியபோது இளஞ்செழியன் நிறுத்தத்தில் காத்திருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டே, "இன்னா பண்ணி வெச்சிருந்தா அவ?" என்றான்.

"அவ ஒண்ணும் பண்ணல. நான்தான்."

அவன் நின்றான்.

"நீங்க எடுத்துக் குடுத்தீங்களே அந்த கேபிள்தான். அவ வேணான்னப்புறமும் போட்டேன். ஒங்ககிட்டயும் மறைச்சேன்."

"படம்?" என்றான்.

"இருக்குது. மொத்தமும் இருக்குது."

இருவரும் ரோட்டைக் கடந்து கடைக்குப் போனார்கள்.