கழுத்துக்கு மேல் சுவர்

அரசுத் தொலைக்காட்சி கறுத்த முகம் எதையும் காட்டாததால், அந்த ஊர்க் கண்ணாடிகளும் காட்டுவதில்லை. சிவப்பானவர்கள் நின்றால் அவர்களைக் காட்டும். கறுத்தவர்கள் நின்றால் பின்னாலிருக்கும் சுவரைக் காட்டும். இதற்காக யாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடவில்லை. ஒருவர் தலையை இன்னொருவர் வாரிவிட்டார்கள். ஆண்கள் தடவிப் பார்த்தே சவரம் செய்துகொண்டார்கள். பிழைப்பு அது பாட்டுக்கு நடந்தது.

எல்லா இனத்தாரும் எல்லா நிறத்தாரும் திரையில் வர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், வடிவரசிக்குச் செய்தி வாசிக்கும் வேலை கிடைத்தது. நல்ல கறுப்பு என்று நேர்முகத்திலேயே பாராட்டினார்கள். அவள் முதன்முதலாக வாசிக்கப்போகும் மாலையில்தான் தங்கை பொற்கொடிக்கு நிச்சயதார்த்தம். கல்யாண வயது வந்தும் பொற்கொடி தன் முகத்தைப் பார்த்ததில்லை. அக்கா திரையில் வரும்போது கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டாரும் ஆகட்டும், காத்திருக்கிறோம் என்றுவிட்டார்கள்.

நிலையத்தில் ஒப்பனைக்காரர் சேவியர் ரோஸ் பவுடர் டப்பாவைத் திறந்ததும் வடிவரசி முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இதைப் பூசிக்கொண்டால் திரையில் வருவது யாரோ, கண்ணாடியில் தெரிவது யாரோ. வேண்டாம் அண்ணே என்றாள். சேவியர் நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த டப்பாவை விட்டால் அவரிடம் வேறு டப்பா கிடையாது. நிலையம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே நிறம்தான் வாங்குகிறார்கள். உன் இஷ்டம்மா என்று மூடிவைத்துவிட்டார்.

விளக்குகளும் அந்தப் பவுடருக்கென்றே மாட்டியவை. நிகழ்ச்சி அதிகாரி சம்பூர்ணம் அம்மாள் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். விளக்கைத் திருப்ப முடியாதா என்று வடிவரசி கெஞ்சிக் கேட்டாள். விளக்குகளை ஆயுத பூஜைக்குத்தான் இறக்குவது வழக்கம், நேற்று வந்தவளுக்காக அதை மாற்ற முடியாது என்றார்.

வடிவரசி வாசித்தாள். அணை நீர்மட்டம், பருப்பு விலை, மந்திரி வருகை, எதிலும் நாக்குத் தட்டவில்லை. மனசெல்லாம் வீட்டுக் கண்ணாடி முன்னால்தான் நின்றது.

முடித்ததும் முடிக்காததுமாக வீட்டுக்குப் போன் போட்டாள். பொற்கொடிதான் எடுத்தாள்.

“டிவியில உன் புடவை தெரிஞ்சுதுக்கா, கண்ணாடியில என் புடவையும். அரக்கு பார்டர் ரொம்ப எடுப்பா இருந்துச்சு.”

“முகம்?”

“கழுத்துக்கு மேல சுவர்தான்க்கா.”

வடிவரசி அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள். மேடை ஏறினியா என்று கேட்டதற்கு, இல்லக்கா, புடவையைத்தான் ஏத்தினாங்க, மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடிச்சுப்போச்சு என்றாள் தங்கை.

மறுநாள் சம்பூர்ணம் அம்மாள் பூரித்துப்போயிருந்தார். செய்தி வாசித்த புடவையை ஊரே மெச்சியதாம். அதற்குப் பணி நிரந்தரம் ஆகிவிட்டது. தினமும் மாலையில் வடிவரசி அதை நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டால் போதும், கூட இருக்க வேண்டியதில்லை என்றார்.

அன்று அவள் புடவைக்கு இஸ்திரி போட்டு, பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார வைத்துக் கூட்டிப்போனாள். கண்டக்டர் வந்து புடவைக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.