முலாம்பழத்தின் முடிச்சு

பஸ் ஓட்டுவதில் இசொகாய் புலி. முடிச்சுப் போடுவதில் பூனைகூட இல்லை. ஜப்பானின் கனசாவா நகரச் சமூகக்கூடத்தில், பரிசுப் பொருளைத் துணியில் கட்டச் சொல்லித்தரும் ஃபுரோஷிகி வகுப்பில், அவன் போட்ட முடிச்சு ஒவ்வொன்றும் நட்டுக்குத்தலாக நின்றது.

"மறுபடியும் நிக்குது! செத்தவங்களுக்குத்தான் சார் அப்படிக் கட்டுவாங்க. பொண்ணு கேக்கப் போறீங்களா, துக்கம் விசாரிக்கவா?" என்றாள் கவாசுமி டீச்சர்.

பெண் கேட்கத்தான். அவன் காதலி சிகுசாவின் அப்பா தபால் ஆபீசில் பார்சல்களை முறைத்து முறைத்தே ஓய்வு பெற்றவர். முடிச்சைப் பார்த்தே ஆளை எடை போடுவார். ஞாயிறன்று அவர் தலையாட்டாவிட்டால் கல்யாணம் இல்லை.

மற்றவர்கள் அவிழ்க்கப் பழகியபோதும் இசொகாய் கட்டிக்கொண்டே இருந்தான். அவன் கட்டியதெல்லாம் தானாகவே அவிழ்ந்துவிடும்போது, பாவம், அந்தப் பாடம் அவனுக்கு எதற்கு? கடைசியில் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, முலாம்பழத்தை டீச்சரையே கட்டித்தர வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் முடிச்சை உற்றுப் பார்த்தார். அது சமர்த்தாகப் படுத்திருந்தது.

"பரவாயில்லையே!" என்றார்.

இசொகாய்க்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. கொண்டுவந்தவனே துணியை அவிழ்த்து, பழத்தை மட்டும் நீட்ட வேண்டும். அதுதானே முறை!

இழுத்தான், முறுக்கினான். முடிச்சு இன்னும் இறுகியது. திரும்பி உட்கார்ந்து பல்லால் கடித்தான்.

"தம்பி, பழம் எனக்கா, உங்களுக்கா?"

"ஐயா... இதை நான் கட்டல. டீச்சர் கட்டினாங்க." பயத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது.

"கொண்டாங்க இப்படி!"

எத்தனையோ பார்சல் பார்த்த கை. ஆனால் நகம்தான் உடைந்தது, முடிச்சு அசையவில்லை. பெரியவரின் முகம் சிவந்துபோனது. டீயோடு வந்த சிகுசா குனிந்து பார்த்தாள்.

"முடிச்சோட ஒரு காதைப் பிடிச்சு நேரா இழுத்தா வந்துரும்ப்பா." அவள் கையை நீட்டினாள்.

"தொடாதே!" தோல்வியை ஒப்புக்கொள்ளும் வம்சமில்லை அவர். "கல்யாண மொய்க் கவர்ல கயித்தை எப்படிக் கட்டுறோம்? அவிழாமத்தானே? இதுவும் அப்படித்தான். நல்ல சகுனம். கல்யாணம் முடியறவரைக்கும் இதை யாரும் அவிழ்க்கக் கூடாது!"

"நாங்க அடுத்த வசந்தத்துலன்னு நெனச்சோமேப்பா."

பெரியவர் குனிந்து மூட்டையை முகர்ந்தார். பழம் நன்றாகக் கனிந்திருந்தது.

"அவ்வளவு நாள் தாங்காது மாப்ளே. புதன்கிழமையே வெச்சுக்குவோம்."