முதுநகரில் தொலைந்த நிழல்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் ஆயுசு பூராவும் என் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கிடைக்காமல் போகட்டும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

மங்கலம்பேட்டைக்காரர் நைனா முகம்மது, கடலூர் முதுநகரில் ஒரு சின்னப் பள்ளிவாசலுக்குப் பாங்கு சொல்லும் மோதினாராகப் போன மாதம்தான் வந்திருந்தார். செல்போனிலேயே தொழுகை நேரம் வந்தாலும் அந்த ஜமாத்துக்கு ஒரு பழக்கம். முற்றத்தில் குச்சி நட்டிருப்பார்கள். சூரியன் உச்சியில் நிற்கையில் தொழக்கூடாது. குச்சியின் நிழல் கிழக்கே ஒரு விரல் சாய்ந்த பிறகுதான் லுஹர் என்னும் மதியத் தொழுகைக்குப் பாங்கு.

ஆவணியில் ஒருநாள் அந்த நிழல் குறுகிக் குறுகிக் குச்சிக்குள்ளேயே புகுந்துகொண்டது. நைனா சுற்றிவந்து பார்த்தார். கரண்ட் கம்பத்துக்கும் நிழல் இல்லை. தெருவில் ஓர் ஆடு காலைத் தூக்கித் தூக்கித் தன் நிழலைத் தேடிக்கொண்டிருந்தது.

வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சூரியன் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. நிழல் சாயாவிட்டால் லுஹர் இல்லை; பிற்பகல் தொழுகையான அஸர் இல்லை, மாலை இல்லை, ராத்திரியும் இல்லை. ஊரே வெந்து சாக வேண்டியதுதான்.

சிதம்பரத்தில் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சினன் சைபுல்லாவுக்குப் போன் போட்டார்.

"இங்கயும் நாலு கோபுரமும் நெழல காலுக்கடியில இழுத்துக்கிச்சி மச்சான். சூரியன் எவ்ளோ பெருசுன்னு தெரியுமா? பத்து லட்சம் பூமிய உள்ள கொட்டுனாலும் எடம் மிச்சம் இருக்கும்."

"அம்மாம் பெருசா?"

"இது சின்னது மச்சான். இதையே கடுகாட்டம் முழுங்குற நட்சத்திரமெல்லாம் இருக்கு."

சைபுல்லா ஆறுதல் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

நைனா அண்ணாந்து பார்த்தார். பத்து லட்சம் பூமி, கயிறு இல்லாமல் கொக்கி இல்லாமல், நேராகத் தன் தொப்பிக்கு மேலே தொங்குகிறது. குடை எடுத்து வரலாமா என்று நினைத்து வெட்கப்பட்டார்.

அதற்குள் தார்ரோடு பாகாக இளகி டவுன் பஸ் ஒட்டிக்கொண்டது. துறைமுகத்தில் கடல் உலைநீராகத் தளதளத்தது. மத்தி மீன் வெந்தே கரையேறியது, உப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. தொழ வந்தவர்கள் சுவரோரம் ஒண்டி நின்றார்கள். தெருவில் இடுப்புக் குழந்தைகள்கூட அழவில்லை. அதுதான் நைனாவை இன்னும் கலக்கியது.

பின்வீட்டிலிருந்து மனைவி ரசியா ஓடிவந்தாள். "பாங்கு சொல்லிடுங்களேன். சத்தம் கேட்டாவது சூரியன் நகருதான்னு பாப்போம்."

"நேரம் வராம சொல்லக்கூடாது புள்ள."

குச்சியருகே மண்டியிட்டு, சுடுகிற தரையில் கன்னத்தை வைத்து, துவா ஓதியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் முடியளவு கறுப்பு ஒன்று கிழக்கே எட்டிப் பார்த்தது. அது விரலளவு ஆகும்வரை அவர் மூச்சே விடவில்லை. பிறகு எழுந்து சொன்ன பாங்கு, நடுவிலிருக்கும் பரங்கிப்பேட்டையைத் தாண்டிச் சிதம்பரத்தில் சைபுல்லாவின் கடை வரைக்கும் கேட்டது.

அன்றைக்குக் கடலூரில் விடியலிலிருந்து இருட்டும்வரை அடைமழை; என் வெற்றிலைக்கு இன்றுவரை சுண்ணாம்பு கிடைக்கவில்லை.