மொட்டை மலைக் காவல்

கட்டியவன் பேரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாதாம். நான் சொல்வேன். ராஜப்பா. கேட்கச் சங்கடப்படுகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

மாரிகுப்பத்தில் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்து நாங்கள் இங்கே இறங்கியபோது அது உசிலும் வெப்பாலையும் அடர்ந்து, கரடி நடமாடும் காடு. தங்கச் சுரங்கத்து பாய்லருக்கு விறகு வேண்டும், உள்ளே பாறை சரியாமல் முட்டுக் கொடுக்க மரம் வேண்டும் என்று வெட்டி வெட்டி, மலையின் கீழ்ப்பாதியை மொட்டை அடித்துவிட்டார்கள். அந்த முட்டு மரங்களைப் பூமிக்கு அடியில் லெவல் லெவலாக நிறுத்துகிற வேலைதான் ராஜப்பாவுக்கு.

மொட்டை மலையில் விழுகிற மழை நிற்குமா? சேறும் கல்லுமாக நேரே எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஒரு மழைக்காலத்தில் என் அடுப்பே சேற்றில் புதைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, மேல்பாதியையும் விறகுக் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது.

ராஜப்பா கம்பெனியின் நிலபுலம் பார்க்கிற துரையிடம் போய் நின்றார். "மேல் காட்ட உட்டுடுங்க தொர. கீழ நாங்களே செடி வெக்கிறோம். கூலி வேணாம்" என்றாராம். துரை சிரித்தாராம். மழைக்காலம் முடிந்ததும் தானே வந்து பார்ப்பதாகவும், கீழே காடு பிழைத்து நின்றால் மேல்காட்டைத் தொடுவதில்லை என்றும் சொன்னாராம். "பொழைக்கலன்னா?" என்று துரையே கேட்டாராம். "பொழைக்கலன்னா நானே கோடாலி எடுத்தாந்து மேல் காட்ட வெட்டித் தரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார் இந்த மனுஷன்.

"இன்னாய்யா, உனக்கு மூளை கீதா இல்லியா?" என்றேன். "வாரம் பூரா பூமிக்கு அடியில. ஞாயித்துக்கெழம மலை மேலயா? எப்பதான்யா ஊட்ல இருப்ப?"

"அடுப்புல சேறு வந்தா நீதான திட்டுற" என்றார். அது நிஜம்தான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர்தான் போனார்கள். பிறகு கோயில் முடித்துக் கிறிஸ்தவ ஜனங்களும் வந்தார்கள். மலையைச் சுற்றிக் கல் அடுக்கி ஆடு ஏறாமல் தடுத்தார்கள். குழி தோண்டினார்கள். சுரங்கத்தில் போலவே மலைக்கும் ஷிப்டு வைத்தார்கள். அடுத்த ஆள் வந்து நிற்காமல் காவல்காரன் இறங்கக்கூடாது. ஆடும் கூடாது, அரிவாளும் கூடாது.

இந்த அரிவாள் விஷயத்தில்தான் பெண்கள் வயிறெரிந்தோம். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளில் விரல் கனத்துக்குத் துளிர்த்து வருவதை ஒடித்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. நானும் பக்கத்து வீட்டு ஐடாவும் வழக்கம்போல் மலையேறினோம். காவலுக்கு நின்றது ஐடாவின் புருஷன் கொர்னேலியஸ். "அக்கா, திரும்பிப் போங்க. ஐடா, நீயும்தான்" என்றான். கட்டின பெண்டாட்டியையே திருப்பி அனுப்பியவனிடம் நான் என்ன பேசுவது? அதன்பிறகு எல்லாப் பெண்களும் வெகுதூரம் பேத்தமங்களா பக்கம் நடந்து போய் விறகு சுமந்து வந்தோம். வழிநெடுக ராஜப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தேன், அவர் காதில் விழாது என்றாலும்.

கொர்னேலியஸ் மில்லில் வேலை செய்கிறவன். அங்கே கல்லை மாவாக இடித்து, ஏதோ மருந்துத் தண்ணீர் விட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு வெள்ளை மணலை மலைமலையாகக் கொட்டுவார்கள். எங்கள் மலையோ கடப்பாரை எகிறுகிற பாறை. "இந்தப் பாறையில வேர் எப்பிடி எறங்கும்? மில்லு மண்ணு பஞ்சு மாரி கீது" என்று அவன் கூடை கூடையாகச் சுமந்து வந்து குழிகளை நிரப்பினான். எல்லோரும் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். சுரங்கத்துக்காரர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். கல்லை உடைத்துப் பொடியாக்கிவிட்டால் வேலை சுலபம் என்று பழகியவர்கள்.

மழை விழுந்து செடி வைத்தார்கள். கொஞ்ச நாளில் இலை மஞ்சளானது. பிறகு கருகியது. ஆடி முடிவதற்குள் வேம்பும் புங்கனும் குச்சிகளாக நின்றன. அந்த மருந்துத் தண்ணீர் மண்ணில் தங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கொர்னேலியஸை நான் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ராஜப்பா வந்து, "அவன் நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சான். உள்ள போ" என்றார். அன்றிலிருந்து கொர்னேலியஸ் தன் காவலோடு வேறு ஆட்களின் காவலையும் சேர்த்து நின்றான். கொட்டுகிற மழையில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பான். செத்த குச்சிக்கு என்ன காவல் என்று லைனே சிரித்தது. ராஜப்பா மட்டும், "தொர வந்து பாக்கற வரிக்கும் காவல் காவல்தான்" என்றார்.

ஐப்பசி மழை ஓய்ந்தது. துரை வரப்போகிறார் என்று தெரிந்ததும் ராஜப்பா கோடாலியைத் தீட்ட உட்கார்ந்தார். சுரங்கத்தில் பாறை சரிந்தபோதுகூட அழாத மனுஷன், கோடாலியைத் தீட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கனா நாலு செடி புடுங்கியாந்து நட்டு வெச்சிடலாம்யா. தொரைக்கு இன்னா தெரியப் போவுது?" என்றேன். அவர் கோடாலியைத் திருப்பி மறுபக்கத்தைத் தீட்டினார்.

மறுநாள் லைனே மலையேறியது. துரை குழிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். குச்சி, குச்சி, குச்சி. அவர் பின்னாலேயே வந்த காண்ட்ராக்டரின் முகம் மலர்ந்தது. பிறகு துரை ஓரிடத்தில் நின்று, கைத்தடியால் எதையோ விலக்கினார்.

வெட்டுப்பட்ட பழைய உசில் கட்டை. அதிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஏழெட்டுக் கிளைகள் பச்சைப்பசேலென்று நின்றன. அடுத்த கட்டையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அப்போதுதான் நான் தலை நிமிர்ந்து சரிவு முழுக்கப் பார்த்தேன். இத்தனை நாளும் எங்கள் கண்ணெல்லாம் செத்த குழிகள் மேலேயே இருந்திருக்கிறது. சுற்றிலும் காடு எழுந்து நின்றது. ஒரு கவுதாரி சடசடவென்று புதரிலிருந்து பறந்தது.

"இது நீ வெச்சதா?" என்று கேட்டார் துரை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேல்காடு தப்பிவிடும். சொல்லுய்யா, சொல்லித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"இல்லீங்க தொர" என்றார் ராஜப்பா. "நாங்க வெச்சது பூராவும் செத்துடுச்சு. இது மலை தானா உட்ட துளிரு."

"இத்தினி வருசமா ஏன் உடல?"

ராஜப்பா பேசுவதற்கு முன்னால் நான் வாயைத் திறந்தேன். "வருசா வருசம் உட்டுது தொர. நாங்கதான் ஒடிச்சி அடுப்புல வெச்சோம். இந்த வருசம் எந்தப் பொம்பளையும் ஒடிக்கல. பேத்தமங்களா பக்கம் நடந்தோம்." தலைச்சுமையில் முடி தேய்ந்துபோன என் உச்சந்தலையைக் குனிந்து காட்டினேன். ஐடாவும் காட்டினாள். எங்கள் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள்.

துரை கைத்தடியால் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். பிறகு காண்ட்ராக்டரிடம் திரும்பி, "இந்த மலைய மறந்துடு" என்றார்.

எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. என் புருஷன், பொய் சொல்லாமலே மலையை வாங்கிவிட்டார்.

"மழையில நின்னு காத்தது யாரு? நீதான?" என்று துரை அவரிடம் கை நீட்டினார்.

ராஜப்பா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் குச்சியாகிப்போன ஒரு செடியின் பக்கத்தில் ஒதுங்கி நின்ற கொர்னேலியஸைத் தோளைப் பிடித்து இழுத்து வந்து, துரைக்கு முன்னால் நிறுத்தினார்.

"இவன்தாங்க" என்றார்.