அப்பா தினமும் சொன்னது

இஸ்திரிப் பெட்டி சூடேறிவிட்டதா என்று பார்க்க அனன்யா அதன் அடிப்பாகத்தை இடது கை விரல் நுனியால் தொட்டாள். ஒன்றும் தெரியவில்லை. வலது கையால் தொட்டாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாகக் கிட்டார்க் கம்பிகளை அழுத்தி அழுத்தி அவளுடைய இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. சூடு தெரியாது, ஊசி குத்தினால்கூடச் சட்டென்று தெரியாது.

அப்பாவின் நீலக் கோடு போட்ட சட்டையை விரித்தாள்.

"எதுக்கு அனு இஸ்திரியெல்லாம்? மேல துணியப் போத்தித்தானே படுக்க வச்சிருப்பாங்க," என்றார் முரளிதரன் மாமா, சோபாவில் இருந்தபடி. அம்மாவின் அண்ணன். தகவல் கேட்டதும் அல் ஐனிலிருந்து ஓடி வந்தவர்.

"கசங்கின சட்டையோட அப்பா வெளிய போனதே இல்ல மாமா."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அப்பா சேதுமாதவன் இறந்து இது மூன்றாவது நாள். திங்கட்கிழமை காலை, வழக்கம்போல அஜ்மானிலிருந்து துபாய் ஆபீசுக்கு, கூட வேலை பார்க்கும் கௌஸ் முகைதீன் காரில் போனார். பாதி வழியில், வண்டிகள் நகராமல் நின்ற இடத்தில், உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஐம்பத்தோரு வயது. போலீஸ், ஆஸ்பத்திரி, தூதரகம் என்று எல்லாக் காகிதமும் கௌஸ் பாயே அலைந்து முடித்திருந்தார். உடல் கெடாமல் எம்பாமிங் செய்யும் இடத்தில் ஒரு செட் உடுப்பு கேட்டிருந்தார்கள். நான்கு மணிக்கு முகம் பார்க்கலாம். இரவு விமானத்தில் பெட்டி திருச்சிக்குப் போகிறது. அம்மா, அனன்யா, மாமா மூவரும் அதே விமானத்தில்.

"அந்தக் கிட்டாரை என்ன பண்ணப் போற?" என்றார் மாமா.

அது மூலையில் கறுப்பு உறைக்குள் சுவரைப் பார்த்து நின்றது.

"எடுத்துட்டு வரேன்."

மாமா குரலைத் தாழ்த்தினார். ஆனால் துக்கம் கேட்க வந்து பாயில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களுக்கும் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்தினார். "கௌஸ் பாய் சொன்னாரு. கார்ல ஏறினதுலேர்ந்து உங்கப்பா உன்னைப் பத்தியேதான் பேசிட்டு வந்தாராம். 'அந்தக் கிட்டாரை அவ விட்டுட்டா நான் நிம்மதியா இருப்பேன் பாய்'னு சொன்னாராம். அதாம்மா அவரோட கடைசி ஆசை."

பாயில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"அதை அவர் தினமும் சொன்னாரு மாமா. நானும் தினமும் மாட்டேன்னுதான் சொன்னேன்."

"தினமும் சொன்னது வேற. கடைசியா சொன்னது வேற." மாமா எழுந்து பக்கத்தில் வந்தார். "இன்னிக்கு அங்க போறோம்ல? அவர் கால்ல கைய வச்சு, 'விட்டுட்டேன்ப்பா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. மனுஷன் நிம்மதியாப் போவாரு. கிட்டாரை வாட்ச்மேன் ஈசாகிட்ட குடுத்துடலாம். ஸ்கூலையும் பாதியில விட்ட. இதை விடுறதுக்கு மட்டும் என்ன?"

"ஸ்கூலை விட்டேன். அதனாலதான் மாமா இதை விட மாட்டேங்கறேன்."

"பேச்சைப் பாரு," என்றாள் பாயில் ஒருத்தி.

அனன்யா அம்மாவைப் பார்த்தாள். ராதா விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். தூண்ட வேண்டிய அவசியமே இல்லை, விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. மூன்று நாளாக அம்மா அழவில்லை. ஒரு சொட்டு இல்லை. அழ வைத்துவிடுங்கள், உள்ளேயே வைத்தால் ஆகாது என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சட்டைக் காலரில் ஆவி எழுந்தது.

அப்பாவுக்குச் சத்தம் ஆகாது. பிடிக்காது என்பதில்லை, பயம். இருபத்திரண்டு வருஷம் இந்த ஊரில் இருந்தவர், ராத்திரி குக்கர் விசிலுக்குக்கூட அடுப்பைத் தணிப்பார். "நம்ம ஊரா இது? கம்ப்ளெயின்ட் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்பார். அதனால் எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கிய நாளிலிருந்து ஸ்பீக்கரில் சொருகாமலேதான் அனன்யா பழகினாள். சொருகாத கிட்டாரின் சத்தம் கட்டிலைத் தாண்டாது. அடிக்கிற கம்பி மட்டும் மெல்லக் கேட்கும். அவள் விரல்கள் ஓடின. தனக்கு வந்துவிட்டது என்று நம்பினாள்.

இந்த வருஷப் பொங்கல் விழாவுக்கு, ஷார்ஜாவில் ஒரு ஹாலில், நண்பர்கள் நாலு பேராக மேடை ஏறினார்கள். பாட்டு முழுக்கப் பின்னால் நின்று தாளத்தோடு போகிற ரிதம் கிட்டார் ஒன்று. பாட்டு நிற்கிற இடத்தில் தனியாக முன்னால் வந்து பேசுகிற கிட்டார் இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் லீட். அது அனன்யாவுடையது. முப்பது வினாடி.

முதல்முறையாகப் பெரிய ஸ்பீக்கரில் அவள் கிட்டார் கேட்டது. அடித்த கம்பி மட்டுமா கேட்டது? தொட்ட கம்பி, உரசின கம்பி, சும்மா கிடந்த கம்பி எல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. இரண்டு வருஷமாகத் தன் காதுக்கே எட்டாமல் இருந்த அத்தனை அழுக்கும் ஒரே நேரத்தில் வெளியே கொட்டியது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். யாரோ விசிலடித்தார்கள். கீபோர்டு வாசிக்கிற விஜயபாஸ்கர் பாதியிலேயே குறுக்கே புகுந்து பாட்டை எடுத்துக்கொண்டான். இறங்கியதும், "இனிமே நீ ரிதம் வாசி அனு, லீட் நான் கீபோர்டுல பாத்துக்கறேன்," என்றான்.

வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகுதான் அப்பா, "முன்னால வந்து நிக்கறதெல்லாம் நமக்கு ஒத்து வராதும்மா," என்றார்.

மூன்று வாரம் அவள் கிட்டாரைத் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். ஒருநாள் காலை ஷூ போட்டுக்கொண்டே அப்பா, "ஒரேயடியா விட்டுடும்மா," என்றார். அவளே விட்டுவிட்டதை அவர் கவனித்திருக்கவில்லை. "மாட்டேன்ப்பா," என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு எப்படி எடுக்காமல் இருப்பது? அன்றைக்கு மத்தியானம் தூசு தட்டி எடுத்தாள். மறுநாளும் சொன்னார். மறுநாளும் மாட்டேன் என்றாள். "சரி, கதவைப் பூட்டிக்க," என்று போவார். லீவு நாளும் வேலைநாளும் தவறாமல் நாலு மாதம்.

ஹெட்போன் மாட்டித் தன் வாசிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்று பிடிபட்டது. வாசிக்கிற ஒரு கம்பியைவிட, வாசிக்காத ஐந்து கம்பிகளையும் சும்மா இருக்கச் செய்வதில்தான் பெரிய வேலை இருந்தது. வலது உள்ளங்கையின் ஓரம் மேல் கம்பிகளில் படிந்திருக்க வேண்டும். இடது ஆள்காட்டி விரல் படுத்தபடியே கீழ்க் கம்பிகளைத் தடவி அடக்க வேண்டும். பழகின கையை அழித்து வேறு கை பழக வேண்டியிருந்தது. அழிப்பதற்கு மூன்று மாதம் ஆனது. திங்கட்கிழமைக்கு முந்தின வாரம்தான் பத்து வினாடி சுத்தமாக வந்தது.

சட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

கௌஸ் பாயின் கார் கீழே நின்றது. முன் கதவைத் திறந்த மாமா, இருக்கையைப் பார்த்ததும் தயங்கினார். "நான் ராதாகூடப் பின்னாடி உக்காந்துக்கறேன்," என்றார். அனன்யா முன்னால் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

இரண்டு சிக்னல் தாண்டியதும் கேட்டாள். "அங்கிள், அப்பா கிட்டார் பத்திப் பேசினாரா அன்னிக்கு?"

கௌஸ் பாய் ரோட்டைப் பார்த்தபடி, "பேசினாரும்மா. என்னிக்குத்தான் பேசல? டெய்லி அந்தப் பாலம் வர்ற வரைக்கும் ஒன் கிட்டாரு, பாலத்துக்கு அந்தாண்ட மேனேஜரு," என்றார்.

"அதுக்கப்புறம் என்ன சொன்னாரு?"

"அதான் சொல்றாருல்ல, ஏன் நோண்டுற?" என்றார் மாமா பின்னாலிருந்து.

"இல்ல மாமா. கடைசியா என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியணும். சொல்லுங்க அங்கிள். கடைசியா."

கௌஸ் பாய் வேகத்தைக் குறைத்தார். ஒரு லாரியை முந்தவிட்டார். இன்னொன்றையும் முந்தவிட்டார்.

"ஏசியக் கொஞ்சம் கூட்டுங்க பாய், புழுங்குதுன்னாரு," என்றார். "கூட்டுனேன். ஜூன் மாசம்ல, வெயிலுதான்னு நெனச்சேன். வேர்த்திருந்துச்சும்மா அவருக்கு. நான் பாக்கல. முன்னாடி வண்டியப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். யாருகிட்டயும் இதச் சொல்லல நானு."

அனன்யா கியரின் மேல் இருந்த அவர் கையின் மீது தன் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

பிறகு சொன்னாள்: "அப்ப அதுதான் மாமா, அவரோட கடைசி ஆசை."

"விளையாட்டா உனக்கு?" என்றார் மாமா. "ஊருக்குப் போனா எல்லாரும் கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"ஏசின்னு சொல்லுங்க."

உடுப்புப் பையை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்து, பார்க்க இருபது நிமிஷம் என்றார் அந்த இடத்துக்காரர். சின்ன அறை. பெட்டியில் அப்பா நீலக் கோடு சட்டையில் இருந்தார். தலையில் யாரோ தப்பாக வகிடெடுத்திருந்தார்கள், வலது பக்கம். அம்மா குனிந்து விரலாலேயே அதை இடது பக்கம் மாற்றினாள். கௌஸ் பாய் சுவரோரமாக நின்று இரண்டு கையையும் ஏந்தினார்.

மாமா அனன்யாவின் தோளைத் தொட்டார். "சொல்லிடு தங்கம். உங்கம்மாவுக்காகவாவது."

அனன்யா கால் பக்கம் போனாள். துணிக்கு மேலாகப் பாதங்களின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். குளிர்ச்சி வலது கைக்குத் தெரிந்தது. வெளியே இன்னொரு குடும்பம் காத்திருந்தது. ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. அப்பாவின் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. ஷூ போடும்போது இருக்கிற முகம் அது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். நாளையிலிருந்து விட்டுவிடச் சொல்ல யாரும் இல்லை. தானாகவே விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது.

"மாட்டேன்ப்பா," என்றாள்.

மாமா, "அனு!" என்றார்.

"மாட்டேன்ப்பா. என்னால முடியாது."

அம்மா நிமிர்ந்தாள். மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் திரும்பி, சாப்பாட்டு மேஜையில் முறையிடுகிற அதே குரலில், "கேட்டீங்களா உங்க பொண்ணு பேச்சை? இன்னிக்கும் எதிர்த்துப் பேசுறா. நீங்க பேசாம இருக்கீங்களே? நீங்க ஏதாவது சொல்லுங்க," என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. மூன்று நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அந்த இடத்துக்காரர் எட்டிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தவர், கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஆறு மணி. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். அம்மா தலைக்கு ஊற்றிக்கொள்ளக் குளியலறைக்குள் போனாள். மாமா போனில் திருச்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், எத்தனை மணிக்கு வண்டி வர வேண்டும், யார் யார் வர வேண்டும் என்று. அம்மாவும் அனன்யாவும் அப்பாவின் விசாவில் இருந்தவர்கள். திரும்பி வந்தாலும் வீட்டைக் காலி செய்யத்தான்.

அனன்யா நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேல் இருந்த ஸ்பீக்கர் பெட்டியை இறக்கினாள். பொங்கலுக்குப் பிறகு அப்பா ஏற்றி வைத்தது. ஒயரைச் சொருகினாள். சத்தம் வைக்கிற திருகைப் பாதிக்குத் திருப்பினாள். யோசித்து, இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

முதல் ஒலியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மாமா போனோடு வாசலில் வந்து நின்றார். "பைத்தியமா உனக்கு? துக்க வீடும்மா இது! ராதா, நீ கேக்க மாட்டியா இவளை?"

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் தலையில் துண்டோடு அம்மா வெளியே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வச்சிட்டியாண்ணா?" என்றாள்.

"ராதா, நான் என்ன சொல்றேன்..."

"மூணு பேரோடதும் சரியா இருக்கான்னு பாத்துடு." அம்மா அவரைக் கடந்து போய் அப்பாவின் அலமாரியைத் திறந்தாள்.

அனன்யா அந்த முப்பது வினாடியைத் தொடங்கினாள். உள்ளங்கை ஓரம் கம்பிகளில் படிந்தது. ஒவ்வொரு சுரமும் தனியாக, சுத்தமாக, வீட்டை விட்டு வெளியே போனது. மேல் மாடியில் ஒரு நாற்காலி இழுபட்டது. பதினைந்தாவது வினாடியில் விரல் வழுக்கியது. பக்கத்துக் கம்பி கிறீச்சிட்டது. நின்றாள்.

எதிர்க் கட்டடத்து பால்கனியில், முக்காடு போட்ட ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையில் பிழியாத போர்வை, வாயில் இரண்டு கிளிப்புகள். முகம் இந்த ஜன்னலைப் பார்த்திருந்தது. போர்வையிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போகவில்லை.

அனன்யா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.