எண்பத்தெட்டாம் பக்கம்

பதினொரு பேர் வருகிறார்கள் என்று தம்பி தைஃபல்லா காலையில் போன் செய்தபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, அலுப்பு. விருந்தினர் அறை முழுக்கப் புத்தகப் பெட்டிகள். சொந்தச் செலவில் தலைநகர் அம்மானில் அச்சடித்த முந்நூறு பிரதி; எட்டு மாதத்தில் போனது நாற்பத்தொன்று. அதிலும் பாதி, நான் முப்பத்துநான்கு வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்த பள்ளியின் ஆசிரியைகள் முகதாட்சண்யத்துக்கு வாங்கியது. மிச்சத்தைச் சுவரோரம் அடுக்கி, மேலே கம்பளம் விரித்து மேசையாக்கி வைத்திருந்தேன். எங்கள் ஊர் கராக்கில் மழை தொடங்கிவிட்டால் வேறெங்கே வைப்பது, மொட்டை மாடியிலா?

நாவலுக்கு வாசகர்கள் கிடைக்கவில்லையே என்று எட்டு மாதம் புலம்பினேன். இப்போது மொத்தமாகக் கிடைத்துவிட்டார்கள். யாரோ எண்பத்தெட்டாம் பக்கத்தை மட்டும் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்ப, அது கிழக்கு மேட்டுக் குடும்பத்தாரின் எல்லாப் போன்களையும் சுற்றி வந்திருக்கிறது. வரப்போகிற பதினொரு பேரும் அவர்கள்தான்.

நாவல் என் அப்பாவின் பாட்டி ஃபித்தாவைப் பற்றியது. எங்கள் குடும்பத்தான் ஒருவன் கிழக்கு மேட்டுக்காரன் ஒருவனைக் கொன்றுவிட்டான். அந்த ரத்தத்துக்கு ஈடாகப் பதினாறு வயது ஃபித்தாவை அவர்களுக்குக் கொடுத்தார்கள். அவள் அங்கே ஆண்பிள்ளை பெற்று, அவன் வாளெடுத்துச் சபையில் வந்து நிற்கும் வரை இருக்க வேண்டும். பிறகு வழக்கு தீர்ந்தது, பிறந்த வீட்டுக்குத் திரும்பலாம். ஃபித்தா திரும்பினாள். பத்து வயது மகனை விட்டுவிட்டு, கால்நடையாக, தனியாக. பிறகு இங்கே இன்னொருவரைக் கட்டி, எங்கள் வம்சத்தைப் பெற்றாள். வீட்டில் அவளைப் பற்றி எனக்குச் சொன்னது இவ்வளவுதான். மீதியைப் பதினொரு வருடம், பள்ளிக்குப் போகுமுன் விடிகாலைகளில், நானே எழுதிக்கொண்டேன்.

மதியத் தொழுகை முடிந்ததும் வந்தார்கள். நான் காப்பியை இறக்கிக்கொண்டிருந்தபோது தைஃபல்லா சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, நீ ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்கறேன்."

"நீ புத்தகத்தப் படிச்சியா?"

"அட்டையப் பாத்தேன்ல. நல்லாத்தான் இருக்கு."

நான் பாத்திரத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். தூதுக்குழுவுக்குத் தலைவர் அபூ மித்கால், எண்பது வயதிருக்கும். தைஃபல்லா ஊற்றிக் கொடுத்த கோப்பையை வாங்கினார்; குடிக்காமல் முன்னால் வைத்தார். கேட்டது கிடைக்கும் வரை அது அங்கேயே இருக்கும். வீட்டுக்காரர் 'குடிங்க' என்று சொன்னால் கொடுத்துவிட்டதாக அர்த்தம். குடிக்காமல் எழுந்து போய்விட்டால், அந்த வீட்டுக்கு மானம் போயிற்று. அவர் கோப்பையை வைத்த இடம், என் புத்தகப் பெட்டியின் மேல்.

"கொடுத்தத நீங்க எழுதலாம், வாங்கினத எழுதலாம். அந்தக் காலம் அப்படி," என்றார். "ஆனா கடைசிப் பத்தி. எங்க தாத்தா, அந்தப் பத்து வயசுப் பையன், பின்னாடியே ஓடறாரு, அவ திரும்பியே பாக்கலன்னு இருக்கு. அது பொய், அவ திரும்பிப் பாத்தா. அத எடுக்கணும். மிச்சப் புத்தகம் வெளிய போகக் கூடாது."

தைஃபல்லாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "இவ்வளவுதானா பெரியப்பா! நாளைக்கே மாத்திடலாம். எடுத்துக் குடி..."

"தைஃபல்லா, நிறுத்து."

கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தேன். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். "பொம்பள வந்து பேசற அளவுக்கு ஆயிடுச்சா?" என்று ஒருவன் முனகினான்.

"வரட்டும்டா," என்றார் கிழவர். "எழுதினவ அவதானே. உன்னால ஒரு வரி எழுத முடியுமா?"

அவள் திரும்பிப் பார்க்காத அந்த ஒரு வரிக்காகத்தான் நான் முழுப் புத்தகத்தையும் எழுதினேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஃபித்தாவைக் கேட்காமல் காப்பி குடித்துக் கைமாற்றினார்கள். எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்த ஒருத்தி, ஒரு பார்வையையாவது கொடுக்காமல் போகட்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது.

"அவ திரும்பிப் பாத்தான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"எங்க தாத்தாதான். கண்ணு போன பிறகும் சொல்லிட்டிருந்தாரு. ஓடைகிட்ட போனதும் திரும்பினாளாம். 'செருப்பு போடாம வந்திருக்கியே, முள்ளு குத்தாதா, போடா வீட்டுக்கு'ன்னு திட்டினாளாம். வேற ஒரு வார்த்த சொல்லல. போயிட்டா."

பதினொரு வருடம் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்தும் அந்தச் செருப்பு எனக்குத் தோன்றவில்லையே! அந்தத் தாத்தாவும் என்னைப் போலக் கற்பனை செய்திருக்கலாம். பத்து வயதுப் பையன், அம்மா போய்விட்டாள், எதையாவது பிடித்துக்கொண்டுதானே தூங்கியிருப்பான். ஆனால் அவர் சொன்னதுதான் உண்மை போல ஒலித்தது. என் வரி, கோபக்காரி ஒருத்தி எழுதியது போல ஒலித்தது.

"அக்கா," தைஃபல்லா கெஞ்சினான். "குடிங்கன்னு சொல்லேன். ஒரு பத்திதானே."

ஒரு பத்திதான். மறுபடியும் அம்மான் பேருந்து, மறுபடியும் அச்சகம், மறுபடியும் நான். எனக்கு உடம்பெல்லாம் ஓய்ந்துபோயிருந்தது. குனிந்து பெட்டியின் மேலிருந்த கோப்பையை எடுத்தேன்.

"ஆறிப்போச்சு. வேற கொண்டு வரேன்."

அது சம்மதமா, மறுப்பா என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான். கதவை நோக்கி நடந்தேன். நிலைப்படியை எட்டும்போது பின்னால் கிழவரின் குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை.

"மகளே."

நின்றேன். திரும்பவில்லை, போகவுமில்லை. எண்பத்தெட்டாம் பக்கத்தில் இதை ஒரே வரியில் எழுதிவிட்டிருந்தேன். கழுத்து இப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த கோப்பை சாய்ந்தது. ஆறிய காப்பி விரல்களின் வழியே வழிந்து, செருப்பில்லாத என் காலில் சொட்டியது.